பதிவில் மூன்று பேர், கட்டிலில் ஒரு மரவட்டை

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். முப்பது வயதைத் தாண்டி, ஒரு பட்டமும் ஒரு குடையும் சொந்தமாக வைத்திருந்த காலத்தில், நான் எட்டடி நீளத்தில் ஒரு மரவட்டை செய்தேன். செய்ததோடு நிற்கவில்லை. அதைக் கட்டிலில் கிடத்திவிட்டு நான் கீழே பாய் விரித்துப் படுத்தேன். மூன்று கிழமை, இருபத்தொரு நாள்.

இந்தத் தொடரில் என் மடத்தனங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி வருகிறேன். போன வாரம் குடையைத் தொலைத்தேன். இந்த வாரம் நேரே எட்டடி.

யுத்தகாலத்துக் கொழும்பு. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒரு சந்து, எங்கள் பேச்சில் ஒழுங்கை. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். காலி வீதி என்ற பெருந்தெருப் பக்கமும் கடற்கரைப் பக்கமும் அடைத்துவிட்டு வீடு வீடாகச் சோதனை. எங்கள் வீட்டுக்குள் ஒரு பொலிஸ் அதிகாரியும் இரண்டு ஆமிக்காரரும் வந்திருந்தார்கள். குசினியில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

அதிகாரியின் கையில் வீட்டுப் பதிவுப் பத்திரம். அதில் மூன்று பெயர். ஹோலில் வீட்டுக்காரி, முன் அறைப் பொடியன், நான் என மூன்று பேர் வரிசையாக நின்றோம். எல்லாம் சரி.

அப்போதுதான் அவர் என் அறையை எட்டிப் பார்த்தார். கட்டிலில் யாரோ வெள்ளை விரிப்பால் முழுக்கப் போர்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். நல்ல உயரமான ஆள். போர்வையோடு இரண்டடி கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“மே கவுத?” என்றார் அதிகாரி சிங்களத்தில். யார் இது?

நிலக்கரிக் காலத்து உறவினர்

இந்த இடத்தில் அதிகாரியைக் கொஞ்சம் வாசலிலேயே நிற்க விடுவோம். அந்த ஆளை நான் முறையாக அறிமுகம் செய்ய வேண்டும்.

பெயர் ஆர்த்ரோபிளூரா. மரவட்டைக்கு மூதாதை முறை. பூரானுக்கும் தூரத்துச் சொந்தம். முப்பது கோடி வருடங்களுக்கு முன், டைனோசர் என்ற யோசனையே உலகத்துக்கு வராத காலத்தில், இன்று நிலக்கரியாகக் கிடக்கும் காடுகளில் அது ஊர்ந்து திரிந்தது. நீளம் எட்டடி. அகலம் ஒன்றரை அடி. முப்பது வளையம் அளவில், ஒவ்வொன்றும் ஓடு வேய்ந்த மாதிரி அடுத்ததன்மேல் ஏறி நிற்கும். அது நடந்த தடம் சில நாடுகளில் பாறையில் பதிந்திருக்கிறது: இரண்டு நீண்ட வரிசைப் புள்ளிகள். யாரோ தையல் மெஷினை ஈரச் சேற்றில் ஓடவிட்டதுபோல இருக்கும்.

இவ்வளவு பெரிய உடம்பு. விஷம் இருந்ததற்கு ஒரு சான்றும் இல்லை. வாடின இலைகுழை தின்றிருக்கும் என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். யாரையும் துரத்தியதில்லை. பிறகு காலநிலை மாறியது, காடு வறண்டது, அது போய்விட்டது. எனக்கு அதன்மேல் ஏன் அத்தனை பாசம் வந்தது என்று கேட்டால், அந்தக் காலத்துக் கொழும்பில் எட்டடி நீளத்துக்குத் தைரியமாகக் காலை நீட்டிக் கிடந்த இன்னொரு பிராணியை நான் காணவில்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஆளுக்கொன்று செய்து தர வேண்டும் என்றார் அதிபர் சிஸ்டர். “மேசையில வைக்கக்கூடியதா ஏதும் போதும் மாஸ்டர்” என்று என்னைப் பார்த்தே சொன்னார். மற்ற ஆசிரியர்கள் தவளை என்றார்கள், பூவின் குறுக்குவெட்டு என்றார்கள். என் முறை வந்தது.

“நிலத்தில் ஊர்ந்த கணுக்காலிகளிலேயே பெரியதைக் கொண்டுவாறன், சிஸ்டர். அதே அளவில.”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். கொப்பியில் எழுதிக்கொண்டார். எழுதினால் எழுதினதுதான்.

கம்பி வேண்டாம், சணல்

புறக்கோட்டைக்குப் போய்ப் பால்மாப் பெட்டிகள் சேர்த்தேன். வெட்டி வளைத்தால் நல்ல முதுகு ஓடு. வளையங்களைக் கோக்க மெல்லிய கம்பி வேண்டும். எனக்குப் பழக்கமான இரும்புச் சாமான் கடை முஸ்லிம் பெரியவர், நானாவிடம் போனேன்.

“எத்தினை யார் சேர்?”

“முப்பது யார்.” கடைக் கணக்கில் யார் என்றால் கஜம்.

“என்னத்துக்கு?”

“மரவட்டைக்கு.”

நானா கடை வாசலை ஒருதரம் பார்த்தார். வெளியே சந்தியில் துவக்கோடு காவல் நின்ற சென்றியையும் பார்த்தார்.

“சேர், கோவிக்க வாணாம். இந்தக் காலத்துல நீங்க முப்பது யார் கம்பி வாங்குறதும் பிழை, நான் விக்கிறதும் பிழை. குண்டுக்குன்னு நெனச்சா, பஸ்ஸுல ஏற முந்தி ரெண்டு பேரும் உள்ளுக்குப் போயிருவோம். சணல் தாறன். மரவட்டைக்கு என்ன, தெரியவா போகுது?”

சணலோடு திரும்பினேன். அறிவியலுக்கு நானா செய்த அந்தச் சேவையை எங்கும் யாரும் பதிவு செய்ததாகத் தெரியவில்லை; இங்கே செய்கிறேன்.

ஒட்டுவதற்குக் கோதுமை மாப் பசை. கோதுமை மா என்றால் எறும்பு. இரண்டாம் நாளே எறும்புகள் வால் பக்கத்தால் ஏறிவிட்டன. அதனால்தான் மரவட்டை கட்டிலுக்குப் போனது. கட்டிலின் நான்கு காலுக்கும் நான்கு தேங்காய்ச் சிரட்டை, சிரட்டைக்குள் தண்ணீர். நான் தரைக்கு வந்தேன். என்னில் எறும்புக்கு அக்கறை இருக்கவில்லை.

வீட்டுக்காரி பரமேஸ்வரி அக்கா முதல் நாள் அறைக்குள் வந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்னுக்குப் போனார்.

“மாஸ்டர், உதென்ன?”

விளக்கம் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

“உதை மூடி வையுங்கோ. எனக்கு உடம்பெல்லாம் அரியுது.”

விரிப்பும் அவரே தந்தார். நல்ல வெள்ளை விரிப்பு.

சாந்தினியின் பற்பசை

பரமேஸ்வரி அக்கா, நான் போக, வீட்டில் இன்னொருவன் இருந்தான்: முன் அறைக் குணம். யாழ்ப்பாணத்துப் பொடியன், இருபத்தெட்டு வயது. கலியாணம் முடித்துப் பதினொரு நாள் மனைவியோடு இருந்தவன். பன்னிரண்டாம் நாள் அவள் கனடாவுக்குத் திரும்பிப் போனாள். பெயர் சாந்தினி. இவன் பின்னால் போவதற்காகக் கொழும்புக்கு வந்து இரண்டு வருடமாகக் காத்திருந்தான்.

தூதரக நேர்முகத்தில் கலியாணம் உண்மையா பொய்யா என்று தோண்டித் தோண்டிக் கேட்பார்கள் என்று ஊர் முழுக்கக் கதை. பெண்சாதி எந்தப் பக்கம் படுப்பாள், எந்தப் பற்பசை, காலில் எங்கே தழும்பு என்றெல்லாம் கேட்பார்களாம். பதினொரு நாளில் ஒருவன் எவ்வளவைத்தான் கவனிப்பான்? சாந்தினி தபாலில் நான்கு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி அனுப்பினாள். அதை வைத்து ஒவ்வொரு பின்னேரமும் நான் தூதரக அதிகாரியாக இருந்து கேள்வி கேட்டேன். ஆங்கிலத்தில்.

அந்தக் குறிப்பில் எனக்கும் நல்ல பாடம். சாந்தினிக்கு வல்லாரை பிடிக்காது. இடது முழங்காலில் சைக்கிளால் விழுந்த தழும்பு. தூக்கத்தில் போர்வையை இழுப்பாள். காணாத ஒரு பெண்ணைப் பற்றி ஓர் ஆண் இவ்வளவு தெரிந்து வைத்திருப்பது சரியா என்று ஒருதரம் யோசித்தேன். குணத்துக்கு அதில் ஆட்சேபம் இருக்கவில்லை.

சில நாள் இருவருக்கும் பற்பசை அலுத்துவிடும். அப்போது நாக்குத் திரும்பட்டும் என்று மரவட்டையைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்பேன். நான் சொல்லிக் கொடுத்த பதிலை அவன் அச்சொட்டாகத் திருப்பிச் சொல்வான். கெட்டிக்காரப் பொடியன்.

நேர்முகம் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு. தவறினால் அடுத்த தவணை எப்போது என்று தூதரகக் காவலாளிக்கும் தெரியாது, கடவுளுக்கும் தெரியாது. ஞாயிறு காலை அவனுடைய சேட், நேர்முகத்துக்குப் போடும் சட்டை, அயன் பண்ணிக் கதிரை முதுகில் தொங்கியது.

அந்த ஞாயிறுதான் இந்த ஞாயிறு.

எழும்பு

இனி அதிகாரியை உள்ளே விடுவோம். இளம் வயது. மீசையில் வியர்வை. காலையிலிருந்து முப்பது வீடு ஏறி இறங்கிய அலுப்பு முகத்தில். கோபக்காரரல்ல. அது இன்னும் பயமாக இருந்தது.

“யார் இது?” என்ற கேள்விக்கு அக்கா முந்திக்கொண்டார்.

“அது ஒருத்தருமில்லை, மாத்தயா.” மாத்தயா என்றால் ஐயா.

நினைத்துப் பாருங்கள். பதிவுப் பத்திரம் எங்களுக்கெல்லாம் உயிர். அக்கா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமித் தட்டில் பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் நடுவில் வைத்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாமா ஓர் இரவு தங்க வந்தாலும் முதலில் பொலிஸ், பிறகுதான் சாப்பாடு. அப்படிப்பட்ட வீட்டில், பதிவில்லாத நாலாவது ஆள் போர்த்துக்கொண்டு கிடக்க, வீட்டுக்காரி ‘ஒருத்தருமில்லை’ என்கிறார்.

“நெகிட்டின்ன!” என்றார் அதிகாரி கட்டிலைப் பார்த்து. எழும்பு.

அது எழும்பவில்லை.

இரண்டாந்தரமும் சொன்னார். குரல் உயர்ந்தது. ஒரு ஆமிக்காரர் துவக்கைத் தோளிலிருந்து இறக்கினார். மற்றவர் துவக்கு முனையால் விரிப்பைக் கொளுவி இழுத்தார்.

அந்த மனிதர் போட்ட சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. சண்டையில் எத்தனையோ கண்டிருப்பார். முப்பது வளையமும் அறுபது காலுமாக மண்ணிறத்தில் ஒன்று கட்டிலில் கிடப்பதற்கு அவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

தலை எங்கே?

இதற்குப் பிறகு நடந்த பேச்சு சிங்களத்தில். தமிழிலேயே தருகிறேன். என் சிங்களம் பாண் வாங்கவும் பஸ்ஸில் இறங்கவும் படித்தது. புதைபடிவ ஆராய்ச்சிக்கு அது இடம் கொடுக்கவில்லை.

“இது என்ன?”

“பெரிய பத்தேயா மாதிரி, மாத்தயா.” பத்தேயா என்றால் பூரான். மரவட்டைக்குச் சிங்களச் சொல் எனக்கு அந்த நேரம் வரவில்லை.

“உயிரோடு இருக்கிறதா?”

“இல்லை. செத்துவிட்டது.”

“எப்போது?”

“முப்பது கோடி வருடம்.”

எழுதத் தொடங்கிய பேனா நின்றது. கட்டிலைச் சுற்றி வந்தார். முன்பக்கத்தில் ஒரு வட்ட மட்டை, அதில் தமிழில் நான் எழுதிய வரி. “இதில் என்ன எழுதியிருக்கிறது?”

இங்கே ஒரு விளக்கம். அந்தக் காலத்தில் ஆர்த்ரோபிளூராவின் தலை ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. உடம்பு கிடைத்தது, கால் கிடைத்தது, நடந்த தடம் கிடைத்தது, முழுத்தலை கிடைக்கவில்லை. படம் கீறியவர்கள் எல்லாம் மனம்போனபடி ஒரு தலையை வைத்தார்கள். நான் நேர்மைக்காரன். தலை வைக்கவில்லை. அண்மையில்தான், பிரான்சில் முன்பு கிடைத்த இரண்டு குட்டிகளின் கல்லைக் கதிர்வீச்சால் படம் பிடித்துத் தலையைக் கண்டார்களாம். கண்கள் நண்டுக்குப் போலக் காம்பின் நுனியில் நின்றனவாம். நல்ல செய்தி. எனக்குத்தான் கொஞ்சம் பிந்திவிட்டது.

“தலை இன்னும் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறது, மாத்தயா.”

“தேடுகிறார்களா?”

“நூறு வருடத்துக்கு மேலாக.”

“யார் தேடுகிறார்கள்?”

“வெள்ளைக்காரர்.”

“உடம்பு?”

“கிடைத்தது. துண்டு துண்டாக.”

ஒவ்வொரு பதிலும் விஞ்ஞான ரீதியாகச் சரி. ஒவ்வொரு பதிலுக்கும் ஆமிக்காரர் ஓரடி கிட்ட வந்தார்.

அதிகாரி கொப்பியை மடித்தார். “மூன்று பேரும் ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கும்.”

குணம் கதிரையில் தொங்கிய சேட்டைப் பார்த்தான். ஸ்டேஷனுக்குப் போனால் பின்னேரம் விடலாம். மூன்று நாள் வைக்கலாம். அல்லது... அந்தக் காலத்தில் ‘அல்லது’ என்று தொடங்கிய வாக்கியத்தை யாரும் முடிப்பதில்லை. அவனுக்கு இருந்தது இருபத்திரண்டு மணித்தியாலம்.

ஒரே பதில்

நான் கெஞ்சினேன். பொடியனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, செய்தது நான் என்றேன். அதிகாரி யோசித்தார். பிறகு எங்களைத் தனித்தனியாகக் கேட்பதென்று முடிவெடுத்தார்.

என்னைக் கேற்றடியில் நிறுத்திவிட்டுக் குணத்தை என் அறையில் வைத்துக் கேட்டார். குணத்துக்குச் சிங்களம் தெரியாது. பேச்சு ஆங்கிலத்துக்குப் போனது. ஜன்னல் திறந்திருந்தது. என் மாணவனின் குரல் தெளிவாகக் கேட்டது.

“இற் இஸ் எ வெஜிட்டேரியன், சேர். இற் ஹாஸ் தேர்ட்டி செக்மென்ற்ஸ். த ஹெட் இஸ் நொற் யெற் ஃபவுண்ட்.”

ஒரு பிழை இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன்னுடைய பெயர் என்ன என்று கேட்டதற்கு மனைவியின் பெயர், கலியாண மண்டபம், பற்பசை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னதுதான் கொஞ்சம் கூடிப்போய்விட்டது.

பிறகு என்னைக் கேட்டார். நானும் ஆங்கிலத்தில் அதையே சொன்னேன்.

அதிகாரியின் முகம் மாறியது. “இரண்டு பேரும் ஒரு சொல் மாறாமல் சொல்கிறீர்கள். பாடமாக்கி வைத்திருக்கிறீர்கள்.”

பாடமாக்கியதுதான். அதை எப்படி இல்லையென்பது? மூன்று கிழமையாக நான் ஊட்டிய பதில் குணத்தின் கழுத்துக்குக் கயிறாக வந்து நின்றது. அவன் அறை வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் நான் பகிடியாக எழுதமாட்டேன்.

கடைசியாக அக்கா. குழம்பைப் பார்க்கக் குசினிக்குள் போனவர் திரும்பி வரவில்லை. அதிகாரிதான் குசினிக்குப் போனார். அக்காவின் சிங்களம் சந்தைச் சிங்களம். மீன்காரனோடு பதினெட்டு வருடம் வாதாடிச் சேர்த்தது. ஒழுங்கை முழுக்கக் கேட்டது. நம்முடைய பாஷையில் சொன்னால் இப்படி:

“மாத்தயா, அது மரவட்டையோ மண்ணாங்கட்டியோ எனக்குத் தெரியாது. மூண்டு கிழமையா அது கட்டில்ல, இந்த மனிசன் நிலத்தில. எறும்பு கடிச்சிடுமெண்டு அதுக்குக் கட்டில் காலில தண்ணி வைக்கிறார். விடிய எழும்பி அதோட கதைக்கிறார். கலியாணம் பேச ஒரு இடம் வந்தது. அறையை எட்டிப் பாத்திட்டு தேத்தண்ணியும் குடியாமல் போட்டினம். மெயாட்ட பிஸ்ஸு, மாத்தயா! விசர்! முழுப் பைத்தியம்! அந்தப் பொடியன் பாவம், இவர் சொல்லுறதைக் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லுது. நாளைக்கு அதுக்கு இன்ரவியூ. ஸ்டேஷனுக்கு ஏத்திறதெண்டால் இவரை மட்டும் ஏத்துங்கோ.”

குழம்பு கிளறும் அகப்பைச் சத்தம் கேட்டது.

அதிகாரி என் அறைக்குத் திரும்பி வந்தார். குனிந்து கட்டில் காலைப் பார்த்தார். சிரட்டை. தண்ணீர். தண்ணீரில் செத்து மிதந்த எறும்புகள். அடுத்த காலைப் பார்த்தார். நான்கு காலையும் பார்த்தார். பிறகு மூலையில் சுருட்டி வைத்திருந்த என் பாயைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சந்தேகம் இல்லை. வேறொன்று இருந்தது. நான் பல வருடம் கழித்து ஆஸ்பத்திரிகளில், நோயாளியைப் பார்க்க வருகிறவர்களிடம் அந்த முகத்தைக் கண்டிருக்கிறேன்.

“அந்த அம்மா சொல்வது உண்மையா?” என்று மெதுவாகக் கேட்டார்.

நான் விஞ்ஞானப் பட்டதாரி. ஒரு வாரப் பத்திரிகையில் அறிவியல் பகுதி எழுதுகிறவன். விளக்கமாகச் சொல்ல என்னிடம் இன்னும் எவ்வளவோ இருந்தது. வாசலில் குணம் நின்றான்.

“ஓவ், மாத்தயா” என்றேன். ஆமாம் ஐயா.

என் சிங்களத்தை ஒருவர் மறுபேச்சில்லாமல் நம்பியது அந்த ஒருதரம்தான்.

அவர் விரிப்பைத் தரையிலிருந்து எடுத்து உதறி, மரவட்டையை மறுபடி போர்த்திவிட்டார். ஓரத்தைக் கூடச் சரிசெய்தார். பதிவுப் பத்திரத்தை அக்காவிடம் கொடுத்தார். போகும்போது அக்காவிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். அக்கா என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

பிறகு

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் குணம் தூதரகத்தில் நின்றான். பற்பசையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கலியாணப் படங்களைப் புரட்டிவிட்டு இரண்டே கேள்வியோடு விட்டுவிட்டார்களாம். நான்கு மாதத்தில் போனான்.

மரவட்டையை வளையம் வளையமாகக் கழற்றி, கடைப் பையில் போட்டு, ஆறு தடவையாகப் பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சிஸ்டர் அதை மேசையில் வைக்க முடியாதென்பதைச் சுட்டிக்காட்டினார். கண்காட்சி முடிந்த பிறகு பாலர் வகுப்புப் பிள்ளைகள் அதில் ஏறி ரயில் விட்டு முடித்துவைத்தார்கள்.

எங்கள் ஒழுங்கையில் என் மரியாதை ஒரு மாதிரிக் கூடியது. கதவடியில் நின்ற பெண்கள் நான் வரும்போது பிள்ளைகளை மெல்ல உள்ளே கூப்பிட்டார்கள். கடைக்காரர் மிச்சக் காசை இருதரம் சொல்லிக் கையில் வைத்தார்.

ஒரு வருடம் போயிருக்கும். ஒரு பின்னேரம் அக்கா கூப்பிட்டார். கனடாவிலிருந்து ரெலிபோன். குணம் கதைத்தான், குளிர், வேலை, வாங்கின கார் எல்லாம் சொன்னான். பிறகு, “அண்ணை, இவ உங்களோட ஒருக்காக் கதைக்க வேணுமாம்” என்றான்.

சாந்தினி. வல்லாரை பிடிக்காத, இடது முழங்காலில் தழும்புள்ள சாந்தினி. குரலை அன்றைக்குத்தான் கேட்கிறேன். நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

“அண்ணை, அண்டைக்கு நடந்ததெல்லாம் இவர் சொன்னவர். நீங்கள் இல்லாட்டி இவர் இஞ்ச வந்திருக்கமாட்டார். நாங்கள் அதை ஒருநாளும் மறக்கமாட்டம்.”

“அதெல்லாம் ஒண்டுமில்லைப் பிள்ளை” என்றேன். இன்னும் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“இப்ப எப்பிடி அண்ணை? மருந்துக் குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ?”